பெயர் எங்கே?

(கோடம்பாக்கத்தில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரை)



கோடம்பாக்கம் என்னும் பெயருக்குப் பொருள் சொல்வோர் பலர். கார்க்கோடகன் என்ற பாம்பரசனைக் கொண்டுவந்து நிறுத்துவோர் உண்டு. ஆர்க்காட்டு நவாபின் குதிரைகள் கட்டிக்கிடந்த தோட்டம் இது, 'கோடா பாக்' என்று வழங்கியதே மருவிக் கோடம்பாக்கம் ஆயிற்று என்போரும் உண்டு. எது மெய் என்று முடிவு கட்டும் வேலையைப் பேராசிரியர்களிடம் விட்டுவிடுகிறேன். கல்லூரியைப் பாதியில் விட்டு வந்தவனுக்கு அந்த உரிமை இல்லை. ஆனாலும் குதிரைக் கதையை நான் விரும்புகிறேன். போருக்குப் போன குதிரையின் நினைவு ஊர்ப் பெயராகிப் பேருந்துப் பலகையில் ஏறியிருக்கிறது. அந்தக் குதிரைமேல் அமர்ந்து போனானே, அவன் பெயர் என்ன? அவனைப் பெற்றவள் எந்த ஊர்? கேட்டுப் பாருங்கள். எவருக்கும் தெரியாது.

இந்தக் கோடம்பாக்கத்திலே போர் நடக்காத ஆண்டு கிடையாது, தோழர்களே! அட்டையிலே மலை, பஞ்சிலே பனி, புகைக்குழலிலே பீரங்கி! 1962இல் சீனப் படையெடுப்பு. 1963இல் 'இரத்தத் திலகம்' திரைக்கு வந்தது. நடிகர் திலகம் படைவீரராக நடித்தார். நாடு கண்ணீர் விட்டது. 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் காஷ்மீரத்துச் சோபியானில் மேஜர் முகுந்த் வரதராசன் வீழ்ந்தார். 2024இல் அவர் வரலாறு 'அமரன்' ஆயிற்று. நல்லது, வரவேற்கிறேன். வீரனை நினைப்பதற்குத் திரைப்படமும் ஒரு கருவிதான். ஆனால் ஒன்று கவனித்திருக்கிறீர்களா? நம் கலையுலகுக்குப் பட்டாளம் என்றால் மேஜர். நாடக மேடையிலே 'மேஜர் சந்திரகாந்த்' வேடம் போட்டார் சுந்தரராசன். வேடத்தைக் கலைத்த பிறகும் பட்டம் கலையவில்லை, வாழ்நாள் முழுதும் 'மேஜர்' அவர்தாம்! அரசு தராத பதவியைக் கோடம்பாக்கம் தந்தது, ஓய்வு பெறும் வயதும் வைக்காமல்!

நான் கேட்பது, சிப்பாய் எங்கே என்று. ஏரிக்கரையில் ஓடிப் பழகி, மார்பை ஐந்து சென்டிமீட்டர் விரித்துக் காட்டி, ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் ஓடி, துப்பாக்கி தூக்கப் போகிறானே அந்தப் பையன், அவன் எங்கே? படத்தில் அவன் தலைவனுக்குப் பின்னால் ஓடுவான். மூன்றாவது குண்டுக்கு விழுவான். அவன் விழுந்தபின் அவன் வீடு எப்படியிருந்தது என்று காட்டப் படச்சுருள் மிஞ்சுவதில்லை.

அந்த வீட்டுக்குத்தான் இன்று உங்களை அழைத்துப் போக வந்திருக்கிறேன்.

வேலூரிலிருந்து கண்ணமங்கலம் போகும் வழியிலே கணியம்பாடி. அந்த வட்டாரத்திலே கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர். அரசு ஏட்டில்தான் கம்மவான்பேட்டை. அக்கம்பக்கத்தார் வாயில் அது 'இராணுவப்பேட்டை'. வீட்டுக்கு ஒருவர் என்று சொல்லும்படி படையில் இருந்தவர், இருப்பவர், இருக்கப் போகிறவர் நிறைந்த ஊர். பாட்டன் முதல் உலகப் போருக்குக் கப்பலேறியவன். அவன் மகன் இரண்டாம் போருக்கு. பேரன் வங்கப் போருக்கு. பேரன் மகன் கார்கிலுக்கு என்று தலைமுறையை விரல் மடக்கி எண்ணுகிறார்கள், நாம் நிலபுலத்தை எண்ணுவதுபோல.

அப்படிப்பட்ட ஊர்களின் வீடுகளில் ஒரு பொருள் இருக்கும்: கறுப்புச் சாயம் பூசிய தகரப் பெட்டி. டிரங்குப் பெட்டி. அதன்மேல் வெள்ளை எழுத்து. முதலில் எண், பிறகு பதவி, கடைசியில் பெயர். பட்டாளத்து முறை அது. தாய் வைத்த பெயர் மூன்றாம் இடத்தில் நிற்கும். அந்தப் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு தம்பி காட்பாடிச் சந்திப்பு வரை வருவான், வண்டி புறப்படும், தம்பி திரும்பி நடக்கும்போதே தெரியும், அடுத்த பெட்டி அவனுடையது என்று.

இதை வீரம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது மேடைப் பேச்சாளனுக்கு எளிது. கைதட்டல் கிடைக்கும். ஆனால் மகனைப் படைக்கு அனுப்பும் ஊர்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஆற்றிலே மணல் உண்டு, நீர் இல்லை. ஏரி உண்டு, மழைக்காகக் காத்திருக்கும் ஏரி. பாலாறு பெயரில் மட்டும் பால்! அண்ணன் தம்பி நால்வருக்கு ஓர் ஏக்கர். அதை நான்காய்ப் பிரித்தால் வரப்புத்தான் மிச்சம். மாதம் பிறந்தால் தவறாமல் வரும் மணியார்டர் ஒன்றே அந்த மண்ணில் பொய்க்காத மழை. வீரமும் உண்டு, மறுக்கவில்லை. வீரமும் வறுமையும் ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றன. ஒன்றை மட்டும் மேடையேற்றிவிட்டு மற்றதைக் கொல்லைப்புறத்திலே நிறுத்துகிறோம்.

எங்கள் நாடகக் குழுவிலே நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். புறநானூற்றுத் தாயை மேடையேற்ற வசனம் தீட்டியிருந்தேன். ஒக்கூர் மாசாத்தியார் பாடிய தாய். உங்களுக்குத் தெரியும். முன்னொரு நாள் போரில் அவளுடைய தமையன் யானையை எறிந்து மாண்டான். தந்தை என்று உரை சொல்வாரும் உண்டு. நேற்றைய போரில் கணவன் ஆநிரையை மீட்கப் போய் அங்கேயே கிடந்தான். இன்று மீண்டும் பறை முழங்குகிறது. வீட்டில் மிச்சம் ஒரே பிள்ளை. குடுமியில் எண்ணெய் தடவி, வெள்ளாடை உடுத்தி, கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். ஒத்திகையிலே தாய் வேடம் ஏற்ற அம்மையார் வசனத்தை முழங்கி முடித்தார். செய்யாற்றுப் பக்கத்தவர், அவர் அண்ணன் பட்டாளத்தில் இருந்தவர். குழுவினர் கைதட்டினர். அவர் வேலைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, பிள்ளையை அனுப்பியாயிற்று. வீட்டில் வேறு ஆளும் இல்லை. நாளைக்கு இவள் உலைக்கு அரிசி எங்கிருந்து வரும்? அதற்கு வசனம் இல்லையா?"

சிலர் சிரித்தார்கள். அவர் கேட்டதோ நகைச்சுவைக்காக அன்று. அண்ணன் புறப்பட்ட நாளிலே தம் தாய் திலகம் இட்டதாக நினைவில்லை, ஆறு மாதத்துக்கு முன் வாங்கிய கடனை முதல் சம்பளத்தில் அடைத்துவிடச் சொன்னதுதான் நினைவிருக்கிறது என்றார்.

மாசாத்தியார் பாடலை மறுபடி எடுத்துப் படியுங்கள், தோழர்களே! அந்தப் புலவர் எடுத்த எடுப்பிலேயே அவள் துணிவைக் கண்டு நடுங்குகிறார். பழிப்பதுபோல் தொடங்குகிறார். அது பழிப்பதுபோன்ற புகழ்ச்சி என்று உரைகாரர் விளக்குவர்; இருக்கட்டும். என் காதுக்கு அதிலே ஒரு நடுக்கம் கேட்கிறது. பெண்ணைப் பெண் பார்த்த நடுக்கம். நாம் மேடையில் அந்தப் பாட்டைச் சொல்லும்போது நடுக்கத்தை உதறிவிட்டு முழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். இன்னொன்று: அந்தத் தாயின் பெயர் பாட்டில் இல்லை. மகன் பெயரும் இல்லை.

பெயர் பொறிக்கும் வழக்கம் தமிழனுக்குத் தெரியாததா? செங்கத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். பழைய வடார்க்காட்டு மண் அது. வயல் வரப்பிலும் வேலி ஓரத்திலும் நடுகற்கள் நின்றன. தமிழ்நாட்டுத் தொல்பொருள் துறை அவற்றைப் படியெடுத்து 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்று நூலாகவே வெளியிட்டது. மன்னன் யார், ஆண்டு எது, எந்தப் பூசல், விழுந்தவன் பெயர் என்ன, எல்லாம் கல்லிலே. எடத்தனூரில் ஒரு கல். ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன், மகேந்திரவர்மன் காலத்தது. எருமைப் பூசலில் மாண்ட கருந்தேவக்கத்தி என்பானுக்கு எடுத்த கல். அவன் உருவத்துக்கு அருகிலே ஒரு நாய். அந்த நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும், அதன் பெயர் கோவிவன் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கேட்டீர்களா? நாய்க்குப் பெயர் உண்டு! நன்றி காட்டிய நாயின் பெயரை ஆயிரத்து நானூறு ஆண்டு மறவாமல் வைத்திருந்த மண், தோழர்களே, இந்த மண்!

இப்போது இன்னொரு கல்லைக் காட்டுகிறேன். முதல் உலகப் போர் முடிந்தபிறகு வெள்ளையர் ஆட்சி இந்தியக் கிராமங்கள் பலவற்றிலே நினைவுப் பலகை பதித்தது. சின்னஞ்சிறு சலவைக்கல். வாசகம் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றே. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914-1919 பெரும்போருக்குச் சென்றனர். அவர்களில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தனர். அவ்வளவுதான்! இரண்டு எண்கள். போனவர் இத்தனை, போய்ச் சேர்ந்தவர் இத்தனை. வட்டிக்கடைக் கணக்குப்போல வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம். முருகேசனா, முனுசாமியா, காதர் பாட்சாவா, சின்னப்பனா, ஒரு பெயரும் இல்லை. கோவிவனுக்குக் கிடைத்த கல்வெட்டு அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

கல்லில் இடமில்லாமல் போயிற்றோ என்று நினைப்பீர்கள். பாஸ்ரா நகருக்கு வாருங்கள். ஈராக் நாடு, அந்நாளில் மெசபடோமியா. நம் சென்னைச் சாப்பர் படையினர் வெயிலிலும் வாந்திபேதியிலும் வெந்து மாண்ட களம். 1929இல் அங்கே மாபெரும் நினைவுச் சின்னம் திறந்தார்கள். 40,000 பேருக்கு மேற்பட்டோர் நினைவுக்காக. இடத்துக்குப் பஞ்சமில்லை. வெள்ளைச் சிப்பாயின் பெயர் பொறித்தார்கள். இந்திய அதிகாரியின் பெயரும் உண்டு. இந்தியச் சிப்பாய்க்கு? படைப்பிரிவின் பெயர், அதன்கீழ் எண்ணிக்கை! காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையமே 2021ஆம் ஆண்டு அறிக்கை வெளியிட்டு, நிற வேற்றுமை பார்த்து நினைவைப் பங்கிட்டது தவறு என்று மன்னிப்புக் கேட்டது. நூறாண்டுக்குப் பின் வந்த மன்னிப்பு. கேட்க வேண்டிய தாய்மார்கள் ஒருவரும் உயிரோடு இல்லை.

அந்தப் பெரும்போரில் இந்தியாவிலிருந்து கடல் கடந்தவர் பத்து இலட்சத்துக்கு மேல். மீளாதவர் ஏறத்தாழ 74,000. இரண்டாம் போரிலோ படை 25 இலட்சமாய்ப் பெருகிற்று; மாண்டவர் 87,000 என்பது கணக்கு. எண்களை நான் மதிக்கிறேன், தோழர்களே; எண்ணில்லாமல் ஓய்வூதியம் இல்லை. எண்ணோடு நிறுத்திக்கொண்டதைத்தான் கேட்கிறேன்.

இதிலே இன்னொரு கொடுமை உண்டு. ராபர்ட்ஸ் என்றொரு பிரபு, 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதி. நம்மவர் கொடுத்த சோற்றைத் தின்று, நம்மவர் அடித்த சலாத்தை வாங்கிக்கொண்டு, தென்னாட்டானுக்குப் போர்க்குணம் வற்றிவிட்டது என்று தீர்ப்புரைத்தார்! வடக்கே சில இனங்கள்தாம் பிறவிப் போர்மறவர் என்று வகுத்து, சென்னைப் படைகள் பலவற்றைக் கலைத்தார்கள். பிறப்பால் ஒருவன் வீரன், பிறப்பால் ஒருவன் கோழை! இதை எங்கே கேட்டிருக்கிறோம்? வருணம் வகுத்தவன் பேச்சுக்குச் சிவப்புச் சட்டை மாட்டினால் இப்படித்தான் இருக்கும். ஆனால் 1914இல் ஆள் வேண்டியிருந்தது. 1939இல் இன்னும் அதிகம் வேண்டியிருந்தது. போர்க்குணம் வற்றியவர்களைத் தேடி ஆள்பிடிப்போர் வடார்க்காட்டுக் கிராமங்களுக்கு ஓடி வந்தார்கள்.

வந்து அழைத்துப் போனவர்களில் ஒருவர் சுபேதார் சுப்பிரமணியன். காஞ்சிக்கு அருகே ஒரு சிற்றூர்க்காரர், சென்னைச் சாப்பர். பாலம் கட்டுவதும் பாதை போடுவதும் கண்ணிவெடி அகற்றுவதும் சாப்பர்களின் பணி. அவர்களைப் பட்டாளம் முழுதும் அழைக்கும் செல்லப் பெயர் 'தம்பி' என்பதாகும். மேடையில் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது இனிக்கிறது. 1944 பிப்ரவரி 24, இத்தாலி நாட்டு மிக்னானோ. கண்ணிவெடி தேடும் பணியில், உடன் வந்தவன் காலடியிலே வெடி பற்றிக்கொண்டது. வெடிப்பதற்குள் நொடிகளே. சுப்பிரமணியன் ஓடவில்லை. அந்த வெடியின்மேல் தம் உடலைப் போட்டு மூடினார். சுற்றி நின்றோர் பிழைத்தனர். அவருக்கு ஜார்ஜ் சிலுவை வழங்கினார்கள். போர்க்குணம் வற்றிய நாட்டான்!

காஞ்சி என்றதும் பட்டும் கோபுரமும் நினைவுக்கு வரும் நமக்கு, அவர் பெயர் வந்ததுண்டா? இங்கிருப்போரில் எத்தனை பேர் அந்தப் பெயரை இதற்குமுன் கேட்டீர்கள்? கையை உயர்த்த வேண்டாம், எனக்குத் தெரியும்.

வெள்ளையன் போனான்; நமது ஆட்சி வந்தது. பிறகு? நியாயமாகச் சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் தில்லியில் தேசியப் போர் நினைவிடம் திறக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் களத்தில் விழுந்த 25,000க்கும் மேற்பட்டோர் பெயர்கள் கருங்கல்லில் ஒவ்வொன்றாக வெட்டப்பட்டிருக்கின்றன. சிப்பாய் பெயரும் தளபதி பெயரும் ஒரே அளவு எழுத்தில். செய்தவர் யார் என்று பார்த்துப் பாராட்டும் பழக்கம் எனக்கில்லை, செய்தது சரி. 72 ஆண்டு ஆயிற்று என்பதை மட்டும் அடிக்கோடிட்டு வைக்கிறேன்.

அந்தப் பெயர்களில் சிலவற்றின் ஊர்களை எண்ணிப் பாருங்கள். 2016 பிப்ரவரி 3, சியாச்சின். கடல் மட்டத்துக்கு மேல் 19,600 அடி. 19ஆவது மதராஸ் படையின் பத்துப் பேரைப் பனிச்சரிவு மூடியது. பகைவன் குண்டு ஒன்றும் இல்லை, பனி. பத்துப் பேரில் நால்வர் தமிழ்நாட்டார். வேலூர், கிருஷ்ணகிரி, மதுரை, தேனி மாவட்டத்துப் பிள்ளைகள். ஐப்பசி மழைக்கே சாக்குப் போர்த்திக்கொள்ளும் ஊர்களிலிருந்து போனவர்கள், இருபத்தைந்து அடி பனிக்கட்டியின் கீழே கிடந்தார்கள்.

2020 ஜூன் 15, கல்வான் பள்ளத்தாக்கு. சீனப் படையோடு நடந்த மோதலில் இருபதின்மர் மாண்டனர். அவர்களில் அவில்தார் பழனி, இராமநாதபுரம் மாவட்டம் திருவாடானைப் பக்கத்துக் கடுக்கலூர்க்காரர். தந்தை உழவர். பழனி பதினெட்டு வயதில் படையில் சேர்ந்தவர். நாற்பது வயதில் விழுந்தார். அவருக்கு வீர சக்கரம் வழங்கப்பட்டது. அவருடைய தம்பியும் படையில்தான் பணியாற்றினார். காட்பாடிச் சந்திப்புக்குச் சொன்னேனே, அடுத்த பெட்டி தம்பியுடையது என்று! இராமநாதபுரத்திலும் அதே பெட்டிதான்.

பழனிக்கு இருபத்திரண்டாண்டுப் பணி இருந்தது. வீடு கட்ட, பிள்ளைகளைப் படிக்க வைக்க, தம்பியைக் கைதூக்கிவிட, அந்த நிலையான சம்பளம் இருந்தது. ஓய்வூதியம் என்ற உறுதி இருந்தது. வறண்ட மண் தன் பிள்ளையைக் கொடுத்து எழுதி வாங்கிய உடன்படிக்கை அதுதான். நீ எல்லையைக் காத்துக்கொள், உன் வீட்டை நாங்கள் காத்துக்கொள்கிறோம் என்பது அதன் வாசகம். செய்யாற்று அம்மையார் கேட்ட கேள்விக்கு அரசு எழுதிய விடை அது.

அந்த விடையைத்தான் 2022 ஜூன் 14ஆம் நாள் அழித்து எழுதினார்கள். அக்னிபாத் என்று பெயர். பதினேழரை வயது முதல் இருபத்தொன்று வரை சேரலாம். நான்கே ஆண்டு. முடிந்ததும் நூற்றுக்கு இருபத்தைந்து பேரை வைத்துக்கொண்டு, எழுபத்தைந்து பேரை வீட்டுக்கு அனுப்புவார்கள். கையில் பதினொன்றே முக்கால் இலட்சத்தை ஒட்டிய தொகை. அதில் ஒரு பங்கு அவன் சம்பளத்திலேயே மாதாமாதம் பிடித்தது. ஓய்வூதியம் கிடையாது. களத்தில் மாண்டால் காப்பீடு 48 இலட்சம், கருணைத்தொகை 44 இலட்சம் என்று பெருந்தொகை வரும், மறுக்கவில்லை. ஆனால் மற்றச் சிப்பாயின் மனைவிக்கு மாதந்தோறும் வரும் குடும்ப ஓய்வூதியம் இவன் வீட்டுக்கு இல்லை. ஒரே பதுங்குகுழி, ஒரே குண்டு, அருகருகே இருவர். மாண்டபின் வெவ்வேறு கணக்கு!

படைக்கு இளமை வேண்டும், நவீனக் கருவிக்கு நிதி வேண்டும் என்பது அவர்கள் வாதம். இளமை வேண்டியதுதான். அந்த இளமைக்கான விலையைத் தாலுக்கா அலுவலகத்துக்கு நடையாய் நடக்கும் கிழத்தாய் ஏன் கொடுக்க வேண்டும்? துணை இராணுவத்தில் பத்து விழுக்காடு ஒதுக்கீடு தருகிறோம் என்று 2022இல் சொன்னார்கள். மீதிப் பேர்? தியாகராய நகருக்கு நடந்து போங்கள். நகைக்கடை வாசலில் நீலச் சட்டையும் பட்டைத் துப்பாக்கியுமாய் நிற்பவர் யார் என்று கேளுங்கள். வங்கி வாயிலில், அடுக்குமாடிக் கதவில், யார் என்று கேளுங்கள். முழுப் பணி முடித்து ஓய்வூதியத்தோடு வந்தவரே நாற்பது வயதில் அங்கே நிற்கிறார். 2023 தொடக்கத்தில் பயிற்சிக்குப் போன முதல் அணியின் நான்காண்டுக் கணக்கு 2027 தொடக்கத்தில் முடிகிறது. அந்தப் பையன்கள் இருபத்துமூன்றிலும் இருபத்துநான்கிலும் அதே நாற்காலிக்கு மனுப்போட வேண்டுமா?

தீர்மானம் போட்டிருக்கிறீர்கள், நான்காண்டு ஒப்பந்தத்தைக் கைவிட வேண்டும், மாண்டவன் வீட்டுக்கு ஒரே ஓய்வூதிய முறை வேண்டும் என்று. முழுமனத்தோடு வழிமொழிகிறேன். ஆனால் அது தில்லிக்குப் போகும் தாள். நம் கையாலேயே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் கல்லையும் நாயையும் இவ்வளவு நேரம் பேசினேன்.

இங்கே வடார்க்காட்டிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் பிழைக்க வந்து குடியேறிய தோழர்கள் நிறைய இருக்கிறீர்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போவீர்கள். உங்கள் ஊரில் அந்தச் சலவைக்கல் இருந்தால், முதலில் அதன்மேல் ஒட்டிய சுவரொட்டியைக் கிழியுங்கள். நம் கட்சிச் சுவரொட்டியாயிருந்தாலும் கிழியுங்கள். பிறகு வீடு வீடாய்ப் போங்கள். பரணில் பழைய தகரப் பெட்டி இருக்கும். சாயம் உதிர்ந்திருக்கும், சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் எழுத்துத் தெரியும். பணி விடுப்புச் சான்று, ஓய்வூதியப் புத்தகம், பதக்கம் தைத்த துணி எதுவாயினும் கேளுங்கள். எழுத்து ஒன்றுமே கிடைக்காத வீட்டில் பாட்டிமாரைக் கேளுங்கள். மாமனார் பெயரைச் சொல்ல மாட்டார்கள், பக்கத்தில் பேத்தியை உட்கார வைத்துக்கொண்டால் அவள் சொல்லிவிடுவாள். பெயர், தந்தை பெயர், தாய் பெயர், போன ஆண்டு, திரும்பினாரா இல்லையா என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். தாய் பெயரை விட்டுவிடாதீர்கள். கிராம சபையில் தீர்மானம் வைத்து, அந்த எண்களுக்குக் கீழே இடம் விட்டு, இன்னொரு கல் பதிக்கலாம். கல்தச்சர் கூலி பெரிதாய் ஆகாது. திருமுல்லைவாயில் தோழர் ஒருவர் தம் ஊருக்கான குறிப்பேட்டை வாங்கிக்கொண்டு வந்தே இங்கு அமர்ந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் அவரிடம் மாதிரிப் படிவம் பெற்றுக்கொள்ளுங்கள்.